சசிகலா அனுப்பிய பட்டன் போனுக்கு நாற்பத்தேழாம் நம்பர் டோக்கன்

வல்லம்,
18-8-2013, ஞாயிறு.

அன்பு மகள் சசிகலாவுக்கு உன் சித்தப்பா பாண்டுரங்கன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் சித்தி பாஞ்சாலியும் நலம், அவளுடைய வலது முழங்கால் மட்டும் நலமில்லை, அது கொஞ்ச நாளாகத் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே மஸ்கட்டில் நீ முழு நலமாகவும், உன் ஆஸ்பத்திரி நோயாளிகள் உன் வேலைக்கு ஆபத்து வராத அளவுக்கு நலமாகவும் இருக்க வேண்டுகிறேன். உன் அப்பா, என் அண்ணன், போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இருபது வருடமாக உன்னை வளர்த்ததில் நான் உன்னிடம் உண்மை பேசினேன் என்று ஒருவரும் குற்றம் சொன்னதில்லை. அந்தப் பெயரைக் காப்பாற்றும் பொருட்டு, இந்தக் கடிதத்தில் உலகத்தில் யாருமே நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று காக்கிச் சட்டை மேல் கைவைத்து உறுதி கூறுகிறேன். போன் அனுப்பியவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஒரு மெசேஜில் நூற்றறுபது எழுத்துதானாம், எனக்குத் தொண்டையைச் செருமவே அது பற்றாது. உன் சிநேகிதி சந்தனமாரி லீவு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுக்கிறேன். போன் பிடித்திருக்கிறதா, இல்லையென்றால் அவளிடமே கொடுத்தனுப்புங்கள், கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். நான் எதையாவது ஒரே வார்த்தையில் சொல்லி நீ கேட்டதுண்டா?

முதலில் என் தலைக்கு மேல் தொங்கிய கத்தியைப் பற்றிச் சொல்கிறேன். ஒரகடத்தில் காருக்கு சீட் தைக்கிற கம்பெனியில் இரண்டாம் நம்பர் கேட்டுக்கு மூன்று வருடமாக நான்தான் செக்யூரிட்டி, லாரி வந்தால் நம்பரையும் நேரத்தையும் நோட்டில் எழுதுவேன், இது உனக்குத் தெரியும். ஆனி கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. காகிதத்தை மிச்சம் பிடிக்க இனி லாரி நோட்டு கிடையாது, ஒவ்வொரு நம்பரையும் போனில் மெசேஜ் அடித்து சூப்பர்வைசருக்கு அனுப்ப வேண்டும். காகிதத்தை மிச்சம் பிடிக்கும் அந்தச் சுற்றறிக்கை நான்கு பக்கம், ஆளுக்கு இரண்டு பிரதி கொடுத்தார்கள். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை சோதனை, தேறாதவனுக்கு கேட் கிடையாது. சூப்பர்வைசர் சுபாஷ் உன்னைவிட இரண்டு வயது சின்னவன், நல்ல பையன்தான், அவனே சொல்லிவிட்டான், "அண்ணே, ஐம்பத்தாறு வயசு ஆவுது உனக்கு, மெசேஜ் வரலன்னா ஏஜென்சில வேற ஆள அனுப்புவான், நான் இன்னா பண்றது, நீ வூட்ல ரெஸ்ட் எடு" என்று. ரெஸ்ட் என்றால் என்னவென்று நினைத்தாய்? காலையிலிருந்து பொழுது சாயும்வரை உன் சித்தி கண்ணெதிரில் உட்கார்ந்திருப்பது. கம்பெனி கொடுத்ததோ டச் போன். இது இருபது வருடம் குவாரியில் ஜல்லி உடைத்த கட்டைவிரல், தோல் காய்த்துக் கல்லாகிக் கிடக்கிறது, அந்தக் கண்ணாடி இதை மனித விரல் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. தொட்டேன், தடவினேன், குத்தினேன். கடுப்பில் ஒருநாள் மூக்கால் அழுத்தினேன், உடனே வேலை செய்தது. ஆனால் மூக்கால் நம்பர் அடிக்கிற செக்யூரிட்டியை எந்த டிரைவராவது மதிப்பானா? இதையெல்லாம் உன் சித்தி உன்னிடம் புலம்பப் போய்தான் நீ பட்டன் வைத்த போனைத் தேடிப் பிடித்து அனுப்பினாய்.

டப்பாவைத் திறந்ததும் உள்ளே ஒன்றுமில்லை, உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவ்வளவு மெலிசு. நேராகப் பிடித்தால் போன், பக்கவாட்டில் திருப்பினால் காணவில்லை. உன் சித்தி, "இன்னாயா இது, அப்பளம் கணக்கா கீது, எண்ணெயில போட்டா உப்பிடும் போல" என்றாள். சட்டைப் பையில் போட்டால் கனமே தெரியாததால் இருக்கிறதா விழுந்ததா என்று நிமிடத்துக்கொரு தரம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறேன், அதைப் பார்த்து எதிர்வீட்டு மீனம்மாள் எனக்கு மாரடைப்பு என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தாள். லாரிக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்க்கக் குனிந்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. ஆகவே மெலிசுக்குப் பத்துக்கு நான்கு மார்க்தான். கீழ்ப்பாதியில் முப்பத்தைந்து பட்டன், ஒவ்வொன்றும் மாதுளை முத்து அளவு, என் கட்டைவிரல் ஒன்றின் மேல் இறங்கினால் மூன்று பட்டன் சேர்ந்து ஆஜர் சொல்கின்றன. பின்கட்டு அறையில் வாடகைக்கு இருக்கிறாளே பாண்டிச்செல்வி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், அவளைக் கூப்பிட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்கிற லைனில் பட்டன் அழுத்திப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம், ஷிப்ட்டுக்கு எட்டாயிரம் அழுத்து. கண்ணை மூடி, போனைக் காதோரம் பிடித்து, ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டாள். நான் மூச்சுவிடாமல் நின்றேன். "பட்டன்லாம் நல்லாத்தாம் இருக்கு அண்ணாச்சி, எல்லாம் ஒரே சத்தம் குடுக்கு, எங்க லைன்ல வந்தா ஓகே போட்டு அனுப்பிருவேன். ஒங்க வெரலத்தான் ரிஜெக்ட் பண்ணணும்" என்றாள். அப்புறம் மனமிரங்கி, விரலைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி நகத்தோரத்தால் அமுக்கச் சொல்லிக் கொடுத்தாள், அவர்கள் லைனில் அப்படித்தானாம்.

அடுத்த கஷ்டம் எழுத்து. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் லாரிகள் கற்றுக்கொடுத்தது, நம்பர் பிளேட்டில் வராத எந்த வார்த்தையும் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் போனில் 'ஏ'வுக்குப் பக்கத்தில் 'பி' இல்லை, சொந்தக்காரர்கள் சண்டை போட்டுப் பிரிந்த மாதிரி ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்கள். 'டி' தண்டலத்தில் இருந்தால் 'என்' வாலாஜாபாத்தில், நடுவில் பஸ் கிடையாது. எண் வேண்டுமென்றால் ஓரத்துப் பட்டன் ஒன்றையும் சேர்த்து அமுக்கிக்கொள்ள வேண்டும், ஒரு கையில் கேட் கயிறு பிடித்திருப்பவனுக்கு இதற்கு மூன்றாவது கை வேண்டும். ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் பயிற்சி. உன் சித்திதான் லாரி. முழங்கால் வலியோடு அடுக்களையிலிருந்து உருண்டு வந்து வாசலில் நின்று "டி.என். இருபத்தொண்ணு" என்று நம்பர் சொல்வாள், நான் 'டி'யைத் தேடி முடிப்பதற்குள் "பால் பொங்குதுய்யா, கேட்ட தொற, நான் போறேன்" என்று ரிவர்ஸ் எடுத்துவிடுவாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. கம்பெனி போனைத் திருப்பிக் கொடுத்து, சொந்தப் போனில் அடித்துக்கொள்ள சுபாஷிடம் அனுமதி வாங்கியாயிற்று. ஆனால் எங்கள் கேட்டில் ஒரு சட்டம் உண்டு, கேமரா வைத்த போன் எதுவும் கேட் தாண்டக் கூடாது, வாங்கிப் பூட்டி டோக்கன் கொடுத்து, ஷிப்ட் முடிந்தால்தான் திருப்பித் தர வேண்டும், இடையில் ராஜாவே கேட்டாலும் கிடையாது. இந்தச் சட்டத்தை என்னைப்போல் காத்தவன் ஒரகடத்தில் பிறந்ததில்லை. அன்றைக்கும் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு பையாகத் தடவிக்கொண்டே வந்தவன் கடைசியில் என் பையையும் தடவினேன். போன்! அதிலும் கேமரா! செக்யூரிட்டி என்றால் சட்டம் இல்லையா என்று என்னை நானே அதட்டி, போனை வாங்கி, பெட்டியில் பூட்டி, டோக்கன் ரிஜிஸ்தரில் கொடுத்தவர் பாண்டுரங்கன், பெற்றவர் பாண்டுரங்கன் என்று இரண்டு கையெழுத்தும் போட்டு, நாற்பத்தேழாம் நம்பர் டோக்கனை எனக்குக் கொடுத்து, தொலைத்துவிடாதே என்று கண்டித்தும் அனுப்பினேன். ஆறு இருபதுக்கு முதல் லாரி வந்தது. மெசேஜ் அடிக்கப் போன் வேண்டும், போன் பெட்டியில். என்னிடம் கேட்டேன், முடியாது என்றேன். கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை, நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியாதா! ஏழு மணிக்கு வரிசை வாலாஜாபாத்தைத் தாண்டியது, எட்டுக்குக் காஞ்சிபுரம் போய்க் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றியது. நடுவில் நின்ற இரண்டு டிரைவர்கள் சம்பந்தியே ஆகிவிட்டார்கள். முதல் லாரிக்காரன் தலையை நீட்டி, "இன்னா பெர்சு, கேட் தொறக்க நல்ல நேரம் பாக்கிறியா?" என்றான். சுபாஷ் ஓடிவந்து, "இன்னாண்ணே, ஒரு மெசேஜும் வரல?" என்றான். போன் டோக்கன்ல கீது சார் என்றேன். "யார் வாங்கி வெச்சது?" கேட் செக்யூரிட்டி சார். "யோவ், கேட் செக்யூரிட்டி நீதான்யா!" ஆமா சார், ஆள் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு என்றேன்.

விஷயம் மாடிக்குப் போய் மேனேஜரே இறங்கி வந்தார். தன்னிடமிருந்தே லஞ்சம் வாங்க மறுத்த ஒருவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கர்ச்சீப் நனைய அழுதார். கேமராக் கண்ணில் ஒரு வட்ட ஸ்டிக்கரைத் தம் கையாலேயே ஒட்டிப் போனை விடுதலை செய்தார். பிறகென்ன, நகத்தோரத்தை நிமிர்த்தினேன் பார், நான்கு நிமிடத்தில் நானூறு லாரி, பட்டனிலிருந்து புகை, சுபாஷின் போன் மெசேஜ் வாங்கி வாங்கி மூர்ச்சையாகி அதற்குத் தண்ணீர் தெளித்தார்கள்.

இருக்கட்டும். மற்றபடி ஊரில் நல்ல மழை, மீனம்மாள் வீட்டு மாடு வல்லம் வடகால் சிப்காட் ரவுண்டானாவில் படுத்துக்கொண்டு கன்டெய்னருக்கே வழிவிடமாட்டேன் என்கிறது. நீ ஏசிக்கு நேர் கீழே படுக்காதே, நைட் டூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் தூங்காதே, சந்தனமாரி கொண்டுவரும் பருப்புப் பொடியை ஊருக்கெல்லாம் தானம் செய்யாமல் நீயும் இரண்டு கவளம் சாப்பிடு. நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நூறு வயது இருக்க எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு.

இவ்வளவையும் உன் சித்தி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "பொண்ணு அங்க தவிச்சிகினு கெடக்கும், வேல கீதா போச்சான்னு நிஜத்த எழுதுய்யா" என்கிறாள். சரி. நின்றது மூன்று லாரி. மேனேஜர் அன்றைக்கு லீவு, ஸ்டிக்கரை ஒட்டியது சுபாஷ். டோக்கன் விஷயத்தை யார் கேட்டாலும் கட்டுக்கதை என்று சொல்லச் சொல்லியிருக்கிறான், ஆகவே அது கட்டுக்கதை. சோதனைக்கு நான் அடித்தது நானூறு இல்லை, ஒன்றே ஒன்று. நான்கு தரம் தப்பாகி, டிரைவர் இறங்கிப்போய் டீ குடித்துவிட்டுத் திரும்பிவந்த பிறகு, ஐந்தாம் தரம் என் கட்டைவிரலால், மூக்கால் அல்ல, முழு நம்பரையும் அடித்து அனுப்பினேன். சுபாஷ் தன் போனைப் பார்த்தான், பிளேட்டைப் பார்த்தான், ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுவிட்டு, "கரெக்ட்டா கீதுண்ணே, நாளைக்கும் காலைல இதே கேட்டுக்கு வந்துடு" என்றான். அது மட்டும் நிஜம் அம்மா. சந்தனமாரியிடம் பொடியும் ஊறுகாயும்தான் கொடுத்தனுப்புகிறேன், போனைத் தரமாட்டேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
கா. பாண்டுரங்கன்,
செக்யூரிட்டி, இரண்டாம் நம்பர் கேட், காலை ஷிப்ட்.