ஃப்ரிட்ஜுக்குள் குழந்தைசாமி

தம்பி,

காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துவார்களே, அதுதான். பேப்பரில் போட்டிருப்பார்கள். நான் பார்க்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வரும் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னதும் ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இட்லி மாவின் புளிப்பு வாசனையோடு இன்னொரு வாசனையும் லேசாக வந்தது, பாசி படிந்த ஈர வாசனை. உன் அறையில் இருந்த வாசனை. கதவைத் திறந்து வைத்தால் குளிர் வெளியே போய்விடும் என்று தெரிந்தும் மூட மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

மாவுப் போசிக்கும் தயிர்ச் சட்டிக்கும் நடுவில், மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், உன் குழந்தைசாமி கிடக்கிறான். ஆறு நாளாக அங்கேதான் இருக்கிறான். பத்து நாளாக ஒரு புழுகூடத் தின்னவில்லை. இப்போது மணி பதினொன்று. வெளியே அக்னி நட்சத்திர வெயில். ஃப்ரீசரில் இருந்த இரண்டு ஐஸ் பாட்டில்களையும் எடுத்து டப்பாவுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டேன். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. தையல் மெஷினும் கரண்டில்தான் ஓடுகிறது. அதனால் உனக்கு எழுதுகிறேன். இவன் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது தம்பி.

நீ முதன்முதலில் போனில் அந்த வீடியோவைக் காட்டியபோது எனக்குக் குமட்டியது நினைவிருக்கிறதா? சதை நிறத்தில் ஒரு பல்லி, தண்ணீருக்குள்ளே. தலையின் இரண்டு பக்கமும் சிவப்புக் குஞ்சங்கள். "இதென்ன கருமம்?" என்றேன். "ஆக்சலாட்டல்ங்க்கா" என்றாய். பத்து முறை சொல்லிக் கொடுத்தும் அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. சத்தி ரோட்டில் லாரி உன் பைக்கைத் தட்டிவிட்டுப் போய் அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தண்டுவடம் அறுந்துவிட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவன் செல்வபுரத்தில் என் வீட்டு முன்னறையில் படுத்திருந்தாய். பகலெல்லாம் போனும் கையுமாக இருந்தாய். பொழுது போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். நீ பொழுதுபோக்கவில்லை, வழி தேடிக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

உக்கடத்து மீன்கடை பாயை நீயே போனில் பிடித்து, நீயே பேசி முடித்தாய். அவர் தெர்மோகோல் பெட்டியில் இரண்டு குட்டிகளைக் கொண்டுவந்து, உன் கட்டிலுக்கு எதிரே தொட்டி வைத்துக் கொடுத்தார். "ஏனுங்க தம்பி, நம்மூர்ல இத வளக்கறது பெரும்பாடுங்க. பதினெட்டு டிகிரிக்கு மேல போனா தாங்காதுங்க" என்றார். "எனக்குத்தான் ஏசி ஓடுதுங்களே பாய், அதுவும் நம்மளோட இருந்துட்டுப் போகுதுங்க" என்றாய். விபத்துக்குப் பிறகு நீ 'நம்ம' என்று சேர்த்துப் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பெயர் வைத்ததும் நீதான். தவளைக் குஞ்சு வாலை விட்டுத் தவளையாகிறதே, அதுபோல இதுவும் செவுளை உதிர்த்துவிட்டுக் கரையேற வேண்டிய பிராணியாம். ஆனால் ஏறுவதில்லை. குஞ்சுப் பருவத்துச் செவுளோடும் வாலோடும் தண்ணீரிலேயே இருந்து, அப்படியே முட்டையிட்டுக் குட்டியும் பெருக்கிவிடுகிறது. "பெரிய மனுசனாகாமயே குடும்பம் நடத்துதுங்க்கா" என்று சிரித்தாய். இரண்டில் ஒன்றுக்கு நம் பெரியப்பா பெயரை வைத்தாய். சொந்தக்காரர்கள் யாராவது வந்து, "குழந்தைசாமி சாப்பிட்டானா?" என்று நீ கேட்பதைக் கேட்டுவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு ஒரே சங்கடம்.

ஆனாலும் பார்க்கப் பார்க்க எனக்கும் பிடித்துப்போனது. இமையே இல்லாத அந்தக் கண்ணும், எந்நேரமும் சிரிக்கிற மாதிரியான வாயும். வாழைமரத்தடியில் மண்புழு தோண்டி நான் இடுக்கியில் நீட்டுவேன். அதுபாட்டுக்குச் சிலை மாதிரி இருக்கும். திடீரென்று வாயைத் திறந்து, தண்ணீரோடு சேர்த்துப் புழுவை உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் ஒவ்வொரு முறையும் திடுக்கிடுவேன், நீ ஒவ்வொரு முறையும் சிரிப்பாய். மெக்சிகோ நாட்டில் அதன் சொந்த ஏரியிலேயே இப்போது அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றாய். ஊர் ஊராகக் கண்ணாடித் தொட்டிகளில் இருக்கிறது, பிறந்த தண்ணீரில் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மற்றக் குட்டி குழந்தைசாமியின் முன்னங்காலைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டார் ஓடிவந்துவிட்டார்கள். நீ மட்டும் பதறவில்லை. கடித்தவனைப் பாயிடம் திருப்பி அனுப்பினாய். கட்டிலைத் தொட்டியோடு ஒட்டிப் போடச் சொன்னாய். "இனிப் பாருங்க்கா" என்றாய், அவ்வளவுதான்.

பார்த்தேன். புண் மூடியது. பிறகு ஒரு மொட்டு. மொட்டு நீண்டு துடுப்பு மாதிரி ஆனது. துடுப்பின் நுனி பிளந்து விரல்கள் வந்தன. நீ தினக் காலண்டரில் ஒவ்வொரு நாள் தாளிலும் அதைப் படம் வரைந்து வைத்தாய். "நமக்கு அடிபட்டா உள்ள தழும்பு கட்டிருதுங்க்கா. அது வழிய அடைச்சுப்போடுது. இதுக்குத் தழும்பே கட்டறதில்லீங்க. அதனாலதான் காலு வருது, வாலு வருது. தண்டுவடம் அறுந்தாக்கூட ஒட்டிக்குதுங்க" என்றாய். கடைசி வார்த்தையை மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அந்தத் தொட்டியைப் பார்க்கவே எனக்குப் பயம்.

ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். படுக்கைப் புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் உன் மச்சான் பல்லடத்துக்குத் தறிவேலைக்குக் கிளம்பும்போது, "அந்தப் பிராணியப் பாய்கிட்டயே குடுத்துரு அம்மணி. அதப் பாத்துப் பாத்து நீ அழுவாத" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் தாண்டிவிட்டன. வெயில் ஏறியதும் உன் அறையின் ஏசியை இன்னும் கூட்டி வைத்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. என் அறிவுகெட்டத்தனம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. தொட்டிக்குப் போர்த் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய். உப்புத் தண்ணீர். துணியில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. வீட்டுக்குக் குழாயில் வரும் சிறுவாணிக் குடிநீர் பத்தட்டும் என்று நினைத்து நீ சிக்கனம் பிடித்ததாகத்தான் நான் எண்ணிக்கொண்டேன். நீ என்றைக்கும் உனக்கென்று நல்லதை எடுத்துக்கொண்டவன் இல்லையே. சித்திரை பிறந்த அன்று வாசல் குழாயில் சிறுவாணி வந்தது. பாயசம் வைத்து உன் படத்துக்குப் படைத்தேன். இந்த வீட்டில் உன்னுடையதென்று உயிரோடு இருப்பது இவன் ஒருவன், இவனுக்கு மட்டும் ஏன் உப்புத் தண்ணீர் என்று தோன்றியது. பழைய தண்ணீரை மொத்தமும் இறைத்துவிட்டு, குடம் குடமாகச் சிறுவாணியை ஊற்றினேன். அதற்குப் பிறகு தண்ணீர் வரும்போதெல்லாம் அப்படித்தான் செய்தேன். ஊற்றும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

மூன்றாம் முறை மாற்றிய பிறகு செவுள் குஞ்சங்கள் சுருங்கி முன்பக்கம் மடங்கின. தோல் சல்லாத்துணி மாதிரி உரிந்து மிதந்தது. புழுவை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உக்கடத்துக்கு ஓடினேன்.

"தண்ணி கிண்ணி மாத்துனீங்களாம்மா?" என்றார் பாய்.

"ஆமாங்க. சிறுவாணிங்க" என்றேன். அந்த நேரத்திலும் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஏனுங்கம்மா இப்படிப் பண்ணிப்போட்டீங்க? குழாய்த் தண்ணில குளோரின் இருக்குதுங்க, அது செவுள அரிச்சுப்போடும். அந்த விசம் இல்லைன்னாக்கூட சிறுவாணி அதுக்கு ஆகாதுங்க. நம்ம வாய்க்கு இனிச்சாப் போதுங்களா? அதுக்குச் சுண்ணாம்புச் சத்தோட கெட்டித் தண்ணிதான் வேணுங்க. உங்க போர்த் தண்ணி அதுக்கு அமிர்தம்ங்க. தம்பி எங்கிட்ட அத்தன நேரம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாருங்களே, உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

நீ சொல்லத்தான் செய்தாய். ஏன் என்று கேட்கும் பொறுமை எனக்கு இருந்ததில்லை. போர்த் தண்ணீரைக் குளிர வைத்து, டப்பாவில் விட்டு, அவனை ஃப்ரிட்ஜில் வைத்துத் தினமும் தண்ணீர் மாற்றச் சொன்னார் பாய். நல்ல குளிரில் உடம்பு நிதானித்து, தன்னால் தேறிவரப் பார்க்கும் என்றார். கால் போனால் முளைக்க வைக்கிற பிராணியை, ஊரார் மாவும் தயிரும் வைக்கிற இடத்தில் நான் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். மருமகப் பிள்ளை மாதிரி பார்த்தும் இப்படி ஆகிவிட்டது.

மணி பன்னிரண்டாகிவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன் பாய்க்குப் போன் போட்டேன். ஐஸ் கரைகிறது என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அழுவாதீங்கம்மா. இங்க ஜெனரேட்டர் ஓடுதுங்க, தண்ணியக் குளுர வெக்கற மெஷினும் இருக்குதுங்க. உடனே கொண்டாந்துருங்க. ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. பொழைச்சாலும் திருப்பிக் கொண்டு போகாதீங்க. உங்களுக்கும் முடியாது, அதுக்கும் முடியாதுங்க" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கொடுத்துவிட்டால் அந்த அறை காலியாகிவிடும் என்பது மட்டும் காரணமில்லை. உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இவன் கண்ணெதிரில் இருக்கும்வரை சொல்லிவிடலாம் என்று ஏழு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன்.

புரட்டாசியில் குழந்தைசாமியின் நான்காவதான கடைசி விரலும் வந்து முடிந்த அன்று, நீ போர்வையை விலக்கச் சொன்னாய். நெடுநேரம் உன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாய். நெற்றியில் வேர்வை. "அக்கா, கட்டைவிரல அசைக்கறனுங்க. அசையுதுங்களா, பாருங்க்கா" என்றாய். துக்கம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வரும், உனக்குத் தெரியும். குனிந்துகூடப் பார்க்காமல், "அசையில. அது புழு திங்கற ஜென்மம், நீ மனுசன். இனிமே இதயெல்லாம் எங்கிட்டக் கேக்காதே" என்று சொல்லிப்போட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நீ கேட்கவில்லை. அதற்குப் பிறகு எதையுமே என்னிடம் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட மச்சான் வரும்வரை வைத்திருந்து அவரிடம் கேட்டாய். காய்ச்சல் வந்து இரண்டு நாள் ஆகியும் என்னிடம் சொல்லவில்லை. நான் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது அனலாகக் கொதித்தது. "ஏன் சாமி சொல்லல?" என்றதற்கு, "உங்களுக்கு எதுக்குங்க்கா தொந்தரவுன்னு" என்றாய். டாக்டர் எத்தனையோ காரணம் சொன்னார். எனக்கு அந்த இரண்டு நாள்தான் காரணம். நான் உன் வாயை அடைத்ததுதான் காரணம்.

அசைந்ததென்று பொய் சொல்லியிருக்க வேண்டாம். குனிந்து பார்த்திருக்கலாம். உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, பொறுமையாக, நீ போதும் என்கிறவரைக்கும் பார்த்திருக்கலாம். நீ என்னிடம் கேட்டது அவ்வளவுதானே கண்ணு? தினமும் தையலுக்கு நடுவில் என் கண் அந்தக் கட்டில் பக்கம் போகிறது. நீ பார்க்கச் சொன்னது என்னிடம் அப்படியே மிச்சமிருக்கிறது.

ஒரு பாட்டில் முழுதாகத் தண்ணீராகிவிட்டது. பாய்க்கு மறுபடி போன் போட்டு, வாரேனுங்க, உங்ககிட்டயே இருக்கட்டுங்க என்று சொல்லிவிட்டேன். ஆட்டோ வாசலில் வந்து நிற்கிறது. டப்பாவை வெளியே எடுத்துப் பார்த்தேன். வெளுத்துப்போன செவுளில் ஓர் இழை அசைந்த மாதிரி இருந்தது. நான் டப்பாவை எடுத்த அசைவில் தண்ணீர் ஆடியிருக்கும் என்று நினைத்தேன். டப்பாவைத் தரையில் வைத்தேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தரையோடு தலையை வைத்துப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் அடங்குகிறவரைக்கும் காத்திருந்து பார்த்தேன்.

அசையுது சாமி. அக்கா குனிஞ்சு, நல்லாப் பாத்துப்போட்டுத்தான் சொல்றேன்.