பாலத்தின் வளைவு

பிராக், அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

லுத்மிலா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

இதிலும் தவறினால் ஊர் திரும்புவதாகச் சொன்னேனே, அந்தச் சுற்றுலா வழிகாட்டித் தேர்வில் தேறிவிட்டேன். தேர்வு நடந்த ஆற்றுப் பாலத்துக் கோபுரத்தின் முதல் படியிலேயே கால் லேசாகப் பிசகியது, பயப்படாதீர்கள்.

"கீழயே நின்னு சொல்லும்மா. ஸ்லோவாக்கியாவிலேர்ந்து வந்து எங்க ஊரை எங்களுக்கே காட்டணுமா?" என்று சிரித்தார் தேர்வாளர்.

"கீழ நின்னா பாலம் வளையறது தெரியாது சார், ஏறுங்க" என்று நொண்டியபடி முன்னால் போனேன்.

உச்சியிலிருந்து பாலத்தின் வளைவைப் பார்த்தவர், என் தேர்வுத் தாளில் கையெழுத்திட்டார்.

உங்கள் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். வீங்கிய காலுக்கு என்னுடையது நுழையவில்லை. துவைக்க வேண்டாம், வீட்டு வாசம் போய்விடும்; போட்டுக் கழற்றியதையே அனுப்புங்கள்.

என் முதல் பயணிகள் வந்துவிட்டார்கள். கோபுரம் ஏற வேண்டும்.

உங்கள் மகள்,
லுத்மிலா