யாருடைய கை

சபா, செம்பனைத் தோட்டம்
ஏப்ரல் 3

அன்பு மனைவி மஹ்யுனிக்கு,

நலம். உன் நலத்தைக் கேட்க வேண்டியதில்லை. அது தினமும் என் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. நான் அனுப்பிய இரத்த அழுத்தக் கருவி இப்போது காட்டுவதெல்லாம் பச்சை. இன்று 118க்கு 76. அப்படியிருக்க, ஊருக்கும் இங்குமாகப் போய்வரும் ஜைனுரியிடம் தலைவலி, கால் வீக்கம் என்று சொல்லி அனுப்பினாயாமே? வெயிலில் குலை வெட்டுகிறவனுக்கு வராத தலைவலி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு வருகிறதோ! வீட்டுக் கைப்பேசியில் கர்ப்பிணிகளுக்கான பாடப் படங்கள் இருக்கின்றன. எப்போது கூப்பிட்டாலும் நீ தூங்குவதாக அம்மா சொல்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். தூங்குகிற நேரத்தில் அந்தப் படங்களையாவது பார்.

அம்மா சொல்வதைக் கேள்.

உன் கணவன்
சஹ்னுன்

கிழக்கு லொம்போக்
ஏப்ரல் 20

மதிப்பிற்குரிய வீட்டுக்காரருக்கு,

சலாம். கருவி முதல் வாரம் சிவப்புதான் காட்டியது. "இந்த எழவு பெட்டியப் பாத்துப் பாத்துத்தான் ஒனக்கு ஏறுது" என்று உங்கள் அம்மா அதையும் கைப்பேசியையும் தம் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். அதன்பின் அது என் கையைத் தொடவே இல்லை. படத்தை நான் எங்கே பார்ப்பது? அதனால்தான் இந்தக் கடிதமும்.

மோதிரம் சோப்புப் போட்டும் கழலவில்லை. நீங்கள் பார்க்கும் பச்சை யாருடையதென்று கொஞ்சம் விசாரியுங்கள்.

மஹ்யுனி

சபா
மே 8

மஹ்யுனி,

முதல் வாரச் சிவப்பு உனக்குக் கட்டத் தெரியாமல் வந்தது. அம்மா கட்டத் தொடங்கியதும் சரியாகிவிட்டது. என் தாய் பொய் சொல்ல மாட்டாள். யந்திரமும் சொல்லாது. மிச்சம் யார் என்று கண்டுபிடிக்க நான் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. வீட்டுச் சுவர் பாதியில் நிற்கிறது. உன் நடிப்பை நம்பி வேலையை விட்டு ஓடிவர நான் மடையனில்லை. இனி இதைப் பற்றி எழுதாதே.

சஹ்னுன்

மாவட்ட மருத்துவமனை
மே 29

சஹ்னுனுக்கு,

யந்திரம் பொய் சொல்லவில்லைதான். கட்டிய கையைச் சொன்னது. அது உன் தங்கை ஹில்மியின் கை. நாளெல்லாம் பந்தாடுகிற கன்னிப்பெண்ணுக்குப் பச்சை வராமல் வேறென்ன வரும்? "செவப்பப் பாத்தா எம் புள்ள வேலைய விட்டு ஓடி வந்துரும், செவுரு பாதியில நின்னுரும்" என்று உன் அம்மா அவளைத் தினமும் உட்கார வைத்திருக்கிறார்.

பாடப் படத்தையும் அவள்தான் பார்த்தாள். என் நல்ல காலம். கண் மங்கி நான் சோற்றுச் சட்டியைக் கீழே போட்டபோது ஓடி வந்தாள். "அண்ணி, படத்துல வார பொம்பள மாதிரியே மொகம் ஊதிக் கெடக்கே! வண்டியில ஏறு." உன் அம்மா வாசலை மறித்தார். "தள்ளும்மா! அந்தப் பெட்டி காட்டுறது என் கைன்னு அண்ணிக்குத் தெரியுமா?" என்று கத்தினாள். எனக்கு விஷயம் தெரிந்தது அப்போதுதான். செவிலி கட்டிப் பார்த்தபோது 180க்கு 120.

பையன் இரண்டு மாதம் முந்திப் பிறந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் திணறுகிறான். மருத்துவர் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. பெயர் வைத்துவிட்டேன், உன்னைக் கேட்கத் தோன்றவில்லை.

உன்னைப்போல் ஒரு புத்திசாலியை நான் பார்த்ததில்லை. கடல் தாண்டி என் இரத்தத்தைக் கண்காணித்தாய், நான் எழுதியதை மட்டும் படிக்கவில்லை. உனக்குப் பயந்த நாட்களை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாயிருக்கிறது.

இங்கிருந்து என் அம்மா வீட்டுக்குப் போகிறேன். கருவியை ஜைனுரியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இதைப் படித்து முடித்ததும் உன் கையில் கட்டிப் பார். அப்போதும் பச்சை காட்டினால் என் வாசலுக்கு வராதே.

மஹ்யுனி