வெளிநாட்டு நம்பர் வந்தால்

அன்புள்ள நைனா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பெருவில் நான் நலம்.

"மலைக்கு இன்னாத்துக்குடா தனியாப் போற? மேல சாமி கீதா?" என்று போனில் கேட்டீர்களே. சாமி இல்லை, பனிதான். கூட வருவதாக இருந்த இருவருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. ஆண்டிஸ் அடிவாரம் வரை வேனும், அங்கே ஒரு வீட்டில் அறையும் பேசிவிட்டேன். கம்பளி தருவார்கள்.

நான் இறங்கி வராவிட்டால் யாருக்குச் சொல்வது என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டார். இந்த நாட்டில் சொல்ல ஒரு பெயரும் கிடைக்கவில்லை. உங்கள் நம்பரைக் கொடுத்தேன்.

காசிமேட்டு மீன் ஏலச் சத்தத்திலும் போனைக் கையிலேயே வைத்திருங்கள். வெளிநாட்டு நம்பர் வந்தால், "லோன் வேணாம், வைடா" என்று திட்டிவிடாதீர்கள். அந்த வீட்டுக்கார அம்மாள்தான் ஸ்பானிஷில் பேசுவார். நடுவே "வெற்றி" என்று காதில் விழுந்தால், உச்சியைத் தொட்டுவிட்டேன் என்று தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட வேண்டாம். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. என் பெயரைத்தான் சொல்கிறார்.

வேன் வந்துவிட்டது.

உங்கள் மகன்,
வெற்றி