போர்டில் போட்ட மாமா வீடு

ஜூன் 24, இரவு

திண்டிவனத்தில் வீடு வந்து சேர்ந்தும் மனசு மரக்காணத்துப் பள்ளிக்கூடத்திலேயே நிற்கிறது.

இன்று ஏழாம் வகுப்புக்கு ‘என் கோடை விடுமுறை’ கட்டுரை. வழக்கம்போல முழுக் கட்டுரையையும் போர்டில் எழுதிப் போட்டேன். ரயிலில் மாமா வீட்டுக்குப் போனது, மாந்தோப்பில் விளையாடியது. வருஷா வருஷம் அதே மாமாதான்.

கயல்விழி மட்டும் போர்டைப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். ‘மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பா தினமும் வீட்டில் இருந்தார். வலை தைத்தார். ராத்திரி எங்களோடு சாப்பிட்டார். லீவு முடிந்ததும் அவரும் கடலுக்குப் போய்விட்டார்’ என்று எழுதியிருந்தாள்.

நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதென்று தெரிந்தேதான் சிவப்புப் பேனாவால் அடித்தேன்.

“போர்டுல இருக்கறத எழுதும்மா. பரீட்சையில மார்க் போயிடும்.”

“எனக்கு மாமாவே இல்லியே மிஸ்.”

“இல்லன்னா என்ன, எழுது.”

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அதைத்தான் இப்போது நினைத்தால் பொறுக்க முடியவில்லை. அவள் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டு வந்தாள். ‘மிக நன்று’ போட்டேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

“மிஸ், அடுத்த கட்டுரை ‘என் அப்பா’தான மிஸ்?”

“ஆமாம்.”

“எங்கப்பாவ பத்தியும் நீங்களே போர்டுல போட்டுடுவீங்களா மிஸ்?”

பஸ் வந்துவிட்டது. அவசரத்தில், “போட்டுடறேன்மா, பயப்படாத” என்றேன்.

நிம்மதியாகத் திரும்பிப் போனாள்.