தையல்காரி வீட்டுச் சுவர்

இன்று காலை அடுப்படியில் வெங்காயத்தை நறுக்கி வினிகர் ஊற்றினார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வாடை வந்து மூக்கில் ஏறியதும் கதவு சாத்தியிருக்கிறதா என்று கை தானாகத் தேடியது. உன் இருட்டறையின் வாடை அது. மொகல் தெருவுக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில், ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டிய அந்த அறையில் உன் தட்டுகளிலிருந்து எப்போதும் வினிகர் வாடை வரும். "கறுப்பு வெள்ளைக்கு ஒரு சிவப்பு விளக்காவது உண்டு மாப்ளே, கலருக்கு அதுவும் கூடாது, முழு இருட்டு" என்பாய். அதை ஏன் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

நீ இறந்துபோய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், ஒன்று கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு, எதிலிருந்து தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை.

எண்பத்தெட்டுக் கலவரத்தில் ரங்கூன் பல்கலைக்கழகத்தை மூடியபோது நமக்கு இருபது வயது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் இரண்டு பேரும் கப்பல் வேலைக்குப் பதிந்தோம். என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்; எனக்குக் கப்பல் என்றால் மூட்டை. உனக்குத்தான் அது உலகம். மருத்துவப் பரிசோதனைக்கு ஒன்றாகத்தான் போனோம். நான் முதலில் வெளியே வந்து தேநீர்க்கடையில் காத்திருந்தேன். நீ வந்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"காது சரியில்லைன்னுட்டாங்கடா."

"உனக்கா? நாலு வீடு தள்ளி ரேடியோ பாடினா இங்கிருந்தே கூடப் பாடுவியே."

"டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? டீ சொல்லு."

அவ்வளவுதான். நான் கப்பலில் தளத்து வேலைக்குப் போனேன். நீ உன் மாமாவின் போட்டோக் கடையில் பாஸ்போர்ட் படம் எடுக்க உட்கார்ந்தாய். நான் கிளம்பும் நாளில் ஒரு பழைய ஜப்பான் கேமராவைக் கொண்டுவந்து என் கழுத்தில் மாட்டிவிட்டாய். "மூஞ்சிங்க வேணாம்டா. மூஞ்சி எனக்கு இங்கேயே தினம் வருது. கலரா எடுத்துட்டு வா. எந்த ஊர்ல எது கண்ணைக் குத்துதோ அதை மட்டும் எடு."

அப்படித்தான் ஆரம்பித்தது. பூசானில் நடைபாதை முழுக்க விரித்துக் காயவைத்திருந்த மிளகாய். மொம்பாசாவில் கடைவாசலில் தொங்கிய துணிகள். துனிசியாவில் ஒரு தெரு முழுக்க நீலக் கதவுகள். சாந்தோஸில் ஒரு வாழைக்குலைமேல் உட்கார்ந்திருந்த கிளி. கூட வேலை செய்தவர்கள் கரையிறங்கி எங்கெங்கோ போவார்கள். நான் சுவர்களைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். பத்து மாதம், பன்னிரண்டு மாதம் கழித்து பிலிம் சுருள்களைப் பையில் கட்டிக்கொண்டு ரங்கூன் வந்து சேருவேன். நேராக உன் கடை.

சுருளைக் கழுவியதும் நீ என்னை உட்காரவைத்து விசாரிப்பாய்.

"இது என்ன?"

"மிளகாய். சிவப்பு."

"பேரு வேணாம். எது மாதிரின்னு சொல்லு."

"கூன்யா போட்டுத் துப்பினது மாதிரி."

"புதுசா துப்பினதா, காய்ஞ்சதா?"

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிப்பார்கள். வெற்றிலை எச்சிலில் இத்தனை வகை உண்டா என்று எனக்கே சிரிப்பு வரும். நீ சிரிக்கமாட்டாய். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே உள்ளே போவாய். மின்சாரம் போயிருந்தால் எல்லாரும் காத்திருப்போம். "மீ லாப்யீ!", மின்சாரம் வந்துவிட்டது என்று தெருவே கத்தும்போது கதவு சாத்தப்படும். உன் மனைவி மும்தாஜ் கல்லாப்பெட்டியைப் பூட்டிவிட்டு உன் பின்னாலேயே உள்ளே போவாள். மருந்துத் தட்டு பிடிக்கிறாள் என்று நினைத்தேன். ஈரம் சொட்டச் சொட்டப் படத்தைக் கொண்டுவந்து நீ கிளிப்பில் மாட்டும்போது நான் எழுந்து கிட்டே போவேன். நான் பார்த்ததைவிட அது அதிகமாக இருக்கும். ஆனாலும் நான் பார்த்ததுதான் அது என்று தோன்றும். ஒரு வருடத்துக்கு முன் ஒரு துறைமுகத்தில் அரை மணி நேரம் பார்த்த நிறத்தை எவனால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்? நீ எதைக் காட்டினாயோ அதுவே என் ஞாபகம் ஆகிவிட்டது.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன்.

கேப்டவுனில் துறைமுகத்துக்கு மேலே, மலைச்சரிவில், முஸ்லிம்கள் குடியிருக்கும் ஒரு பகுதி உண்டு. வீடுகளெல்லாம் ஒன்றையொன்று முந்திக்கொண்டு நிறம் பூசி நிற்கும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் அங்கே ஏறிப்போனேன். ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மாள் தையல் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். பின்னால் வெயில் முழுக்க விழுந்த சுவர். நான் எடுத்ததைப் பார்த்துவிட்டு, "என் வீட்டை எடுத்தால் எனக்கு ஒரு பிரதி தர வேண்டும்" என்று ஆங்கிலத்தில் அதட்டினார். தருகிறேன் என்றேன். எங்கள் கப்பல் அந்த வழியில் திரும்ப வரும் என்று தெரிந்ததால், சிங்கப்பூரில் ஊருக்குப் போகிற ஒரு கப்பல்காரர் கையில் அந்தச் சுருளை மட்டும் உனக்குக் கொடுத்தனுப்பினேன். எதிரே உட்கார்ந்து சொல்ல வழியில்லை. ஒரு துண்டுத்தாளில் மட்டும் எழுதினேன்: "ஒரு சுவர். எது மாதிரி என்று சொல்லத் தெரியவில்லை. நீயே பார்த்துக்கொள்."

அடுத்த முறை சிங்கப்பூர் வந்தபோது படம் காத்திருந்தது. பப்பாளியைப் பிளந்தால் விதையை ஒட்டி இருக்குமே, அந்த நிறத்தில் சுவர். வானம்கூடக் கொஞ்சம் ஊதாவாக இருந்தது. நான் போனது நடுப்பகல் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நீ செய்ததிலெல்லாம் அதுதான் அழகு.

அதை எடுத்துக்கொண்டு அந்த மலைத்தெருவில் ஏறினேன். வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன் தெரியுமா? தையல் மெஷின் சத்தம் கேட்டுத்தான் திரும்பி வந்தேன். சுவர் வெளிறிய மஞ்சளில் இருந்தது, மோரில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் விழுந்த மாதிரி. அந்த அம்மாள் படத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"இது என் வீடு இல்லையே."

"உங்கள் வீடுதான். இதோ உங்கள் மெஷின்."

"மெஷின் என்னுடையது. வீடு என்னுடையது இல்லை."

"நடுவில் வேறு நிறம் அடித்தீர்களா?"

"இந்தச் சுவரில் தூரிகை பட்டு வருடக்கணக்காகிறது, ஐயா."

அவர் கோபப்படவில்லை. படத்தைக் கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார், பிறகு கிட்டே கொண்டுவந்து பார்த்தார், திருப்பித் தரவில்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

ஊர் திரும்பியதும் உன்னிடம் சண்டைக்கு வந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும்.

"வீட்டுக்காரம்மா இது என் வீடே இல்லேங்கறாங்கடா."

"வயசானவங்களுக்குக் கண்ணு மங்கியிருக்கும்."

"என் கண்ணு? நானும்தானே பார்த்தேன்! மஞ்சளா இருக்கு அது. வெளிறின மஞ்சள்!"

நீ ஒரு துணியை எடுத்து லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். "நீதானே 'நீயே பார்த்துக்கொள்'னு எழுதினே. பார்த்தேன்."

"பார்த்து?"

"பார்த்துப் போட்டேன். நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்னடா?"

அப்புறம் என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு நீ எனக்குக் கையால் ஒரு படமும் போட்டுத் தரவில்லை. சூலே பகோடா பக்கம் மெஷின் லேப் வந்துவிட்டது, அங்கே கொடு, ஒரு மணி நேரத்தில் கையில் வந்துவிடும் என்றாய். நான் கோபித்ததற்கு நீ கோபித்துக்கொண்டாய் என்று நினைத்தேன். மெஷின் போட்ட படங்களில் மிளகாய் மிளகாயாக இருந்தது, கதவு கதவாக இருந்தது. எடுத்துப் பார்க்கவே எனக்கு ஆசை வரவில்லை.

பெரும்புயல் அடித்த வருடம் நீ சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் நடுக்கடலில் இருந்தேன். கரைக்கு வந்து போன் போட்டபோது உன்னை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள்.

ஊருக்கு வந்ததும் உன் கடைக்குப் போனேன். மும்தாஜ் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சுவரில் நான் கொண்டுவந்த ஊர்களெல்லாம் வரிசையாகத் தொங்கின. நான் பூசான் மிளகாயைப் பார்த்துக்கொண்டு, "இந்த மாதிரி கலர் போட இனிமே யாரு இருக்கா தங்கச்சி" என்றேன்.

அவள் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணே, உங்ககிட்ட சொல்ல அவருக்கு ஒரே ஆனாதே. கடைசி வரைக்கும் சொல்லல." பர்மியர் சொல்லும் அந்தக் கூச்சத்துக்குத் தமிழில் சரியான வார்த்தை இல்லை; பிறரைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று தன்னையே விழுங்கிக்கொள்வது. "அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாது. பொறந்ததுலேர்ந்தே."

"என்ன சொல்றே நீ?"

"கப்பல் டாக்டரு புள்ளி புள்ளியா ஒரு புஸ்தகம் காட்டினாராம். அதுல இருந்த நம்பர் இவருக்குத் தெரியல. காதுல ஒண்ணும் கோளாறு இல்ல."

"அப்போ இதெல்லாம்?"

"நீங்க எது மாதிரின்னு சொல்வீங்கல்ல, அதை உள்ளே வந்து எங்கிட்ட சொல்வாரு. போட்டுப் பார்த்த துண்டுக் காகிதத்தை விளக்கைப் போட்டு நான் பார்த்து, இன்னும் கொஞ்சம் சிவப்பு, போதும், கொஞ்சம் குறைங்கன்னு சொல்லிக்கிட்டே நிப்பேன். அவரு படம் போடுற மெஷின்ல கலர்க் கண்ணாடியை மாத்தி மாத்திப் போடுவாரு. அப்படித்தாண்ணே எல்லாம்."

"நீ கடலே பார்த்ததில்லையே தங்கச்சி."

"கியாக்தான்ல உம்மா வீட்டுக்குப் போறப்ப படகுல ஏறியிருக்கேன்" என்று சொல்லி அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுதுவிட்டாள்.

எனக்கு வந்தது கோபமா? யார் மேல்? இருபது வருடமாக நான் சுமந்து திரிந்த உலகம், ரங்கூனையும் கியாக்தானையும் தாண்டாத ஒரு பெண் என் வாய்வார்த்தையைக் கேட்டுப் பூசிய நிறம். அதை என் கண்ணால் பார்த்ததாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அதே நேரத்தில், இத்தனை வருடம் என் எதிரே உட்கார்ந்து "புதுசா துப்பினதா, காய்ஞ்சதா" என்று நீ கேட்டது வேடிக்கைக்கு இல்லை என்றும் புரிந்தது. சரி, தையல்காரி வீட்டையும் மும்தாஜ்தான் அப்படிப் பூசியிருக்கிறாள் என்று எண்ணி மனதை ஒருவழியாக மூடிவைத்தேன்.

இந்த வருட ஆரம்பத்தில் எங்கள் கப்பல் மறுபடி கேப்டவுனில் நின்றது. ஏறிப்போக எனக்கு விருப்பமில்லை, கால்தான் போனது. தெருத் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த வீடு பப்பாளி நிறத்தில் நின்றது. விதையை ஒட்டிய அதே சதை நிறம். நடுப்பகல் வெயிலில், நீலவானத்துக்குக் கீழே.

தையல்கார அம்மாளுக்கு இப்போது தலை முழுக்க நரை. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "உன் படத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன்" என்றார். "தினமும் பார்க்கப் பார்க்க, நம் வீடு ஏன் இப்படி இல்லை என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. மகன் பூச்சு வேலைக்கு ஆள் கூப்பிட்டபோது படத்தை எடுத்துக்கொண்டு கடைக்கே போய்விட்டேன். கடைக்காரன் கலந்து கலந்து அலுத்துப்போனான். யார் போட்டது அந்தப் படம்? உன் மனைவியா?"

"என் நண்பன்" என்றேன். பிறகு, "அவன் மனைவி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அன்றைக்கே போன் பேசும் கடைக்குப் போய் மும்தாஜைக் கூப்பிட்டேன். லைனில் இரைச்சல். "தங்கச்சி, நீ போட்ட கலரை ஒரு வீட்டுக்கே அடிச்சுட்டாங்க இங்கே!" என்று கத்தினேன். எந்த வீடு என்று கேட்டாள். சொன்னேன்.

இரைச்சலில் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னேன்.

"அண்ணே, அது நான் போட்டது இல்ல. அப்ப நான் கியாக்தான்ல இருந்தேன், ரெண்டாவது புள்ளைப்பேறுக்கு. யாருக்கும் காத்திருக்காம அவரே தனியாப் போட்டாரு. திரும்பி வந்தப்புறம் எங்கிட்ட காட்டினாரு. 'யாரையும் கேக்காம நானே பார்த்துப் போட்டேன், எப்படி இருக்கு'ன்னாரு. நல்லாருக்குன்னேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்ப மலை ஏறினேன். அந்தச் சுவருக்கு எதிரே நடைபாதையில் உட்கார்ந்தேன். நீ சரி என்று நினைத்த ஒரே நிறம், ஒரு வீட்டளவுக்கு என் முன்னால் நின்றது. ஆனால் நான் பார்க்கும் பப்பாளியா நீ பார்த்தது? இந்தச் சுவரையே நீ நேரில் பார்த்திருந்தால் உனக்கு இது முன்பிருந்த அதே வெளிறிய மஞ்சளாகத்தான் தெரிந்திருக்குமோ? அப்படியானால் நீதான் சரியாகப் பார்த்திருக்கிறாய், நானும் மும்தாஜும் இந்த அம்மாளும், பெயிண்ட் கடைக்காரனும் சேர்ந்து, தப்பாகப் புரிந்துகொண்டோமா? அந்த அம்மாள் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

புது டிஜிட்டல் கேமராவில் அந்த வீட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். ஊர் வந்த வாரமே மும்தாஜின் கடையில் அதைக் கம்ப்யூட்டர் திரையில் போட்டுப் பார்த்தோம். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு சிவப்பா அண்ணே?" என்றாள்.

"சிவப்பு எங்கே இருக்கு? ஆரஞ்சு இது."

"நல்லாப் பாருங்க. சிவப்பு."

பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் ரோஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அவளும் மறுபடி திரையைப் பார்த்தோம். வாரம் ஒருமுறை அந்தக் கடைக்குப் போகிறேன். அவள் படத்தைத் திறக்கிறாள். இருவரும் உட்கார்ந்து பார்க்கிறோம், ஒத்துப்போகாமல்.