அப்பாவுக்காக நான் சொன்ன சாட்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? போனில் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நமக்கு விசுவாசம் போதாததால்தான் அப்பா பிழைக்கவில்லை என்று சபையில் பேசினார்களாம். அதிலிருந்து நீ கோயிலுக்கே போவதில்லை என்று சித்தி சொன்னாள்.

போன ஞாயிறு இங்கே திருப்பூர் சபையில் சாட்சி நேரம். வேலை கிடைத்தவர்களும் காய்ச்சல் தீர்ந்தவர்களும் எழுந்து நன்றி சொன்னார்கள். வாயே திறக்காத நானும் எழுந்தேன். “எங்கப்பாவுக்காக ஜெபித்தோம். அவர் இறந்துவிட்டார். ஆனாலும் நான் கர்த்தரை விடமாட்டேன்” என்றேன். ஒருவர்கூட அல்லேலூயா சொல்லவில்லை.

என்னோடு வந்திருந்த, நம் உத்திரமேரூர் பக்கத்து சுதா வெளியே வந்ததும் சிரித்தாள். “இன்னாடி, கேட்டது கெடைக்கலன்னு கூடவா சாட்சி சொல்லுவாங்க? எல்லாரும் உன்னியே பாத்துக்கினு இருந்தாங்க.”

“குடுத்தா மட்டும் போறதுக்கு அவரு இன்னா ரேஷன் கடையா?” என்றேன்.

அப்பாவின் போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ அம்மா. முன்வரிசையில் உட்கார். பேசியவர்கள் உன் முதுகைப் பார்த்து ஜெபிக்கட்டும்.

உன் மகள்,
சாராள்